தேரிக்காட்டுக் (செம்மணல் காட்டு) கோபுரங்கள்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. திருச்செந்தூர் போகும்போது அந்தப் பக்கத்துக் கிராமங்களில் உள்ள பழைய தேவாலயங்களையும் பார்க்க ஆசை. உள்ளே விடுவார்களா? எங்கே போகலாம்?
- வாசகி, திருப்பூர்

பதில்: தாராளமாக விடுவார்கள். செருப்பை வாசலில் கழற்றுங்கள், ஆராதனை நடந்தால் முடியும்வரை பின்னால் உட்காருங்கள், அவ்வளவுதான். ஆனால் சாதாரண நாட்களில் பல கோயில்கள் (அங்கே கிறிஸ்தவர்களும் கோயில் என்றுதான் சொல்வார்கள்) பூட்டியிருக்கலாம். பக்கத்துப் பெட்டிக்கடையில் கேளுங்கள், சாவி யாரிடம் என்று சொல்லிவிடுவார்கள்.

ஒரே நாளில் ஏழெட்டு ஊர் என்று திட்டம் போடாதீர்கள், எல்லாம் குழம்பிப்போகும். தெற்கே மணப்பாட்டில் கடலோர மணல்மேட்டின் மேல் 1581-ல் கட்டிய திருச்சிலுவைக் கோயில், கீழே சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. செப்டம்பர் 14 திருவிழாவையொட்டிப் போனால் கூட்டத்தைத்தான் பார்ப்பீர்கள். மெஞ்ஞானபுரத்தில் 192 அடிக் கோபுரம், பனைகளுக்கு மேலே தூரத்திலேயே தெரிந்துவிடும்.

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் இடையன்குடிதான். சென்னையிலிருந்து நடந்தே தெற்கே வந்த மிஷனரி கால்டுவெல் 1841-ல் அங்கே குடியேறி, 1847-ல் கோயில் வேலையைத் தொடங்கினார். இடையில் 1856-ல் அவர் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமே வெளிவந்துவிட்டது, கோயில் பிரதிஷ்டை மட்டும் 1880-ல்தான், அதாவது 33 வருஷம்! மனிதர் 1891-ல் இறந்தது கொடைக்கானலில். உடலை அவ்வளவு தூரம் கொண்டுவந்து இந்தக் கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். அவர் வாழ்ந்த வீடும் அதே ஊரில் நினைவில்லமாக இருக்கிறது, விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: வடக்கன்குளத்தில் சாதிச் சுவர் வைத்த தேவாலயம் இருந்ததாமே? நிஜமா, யாராவது கிளப்பிவிட்டதா?
- வாசகர், மதுரை

பதில்: நிஜம்தான். 1872-ல் கட்டிய திருக்குடும்பக் கோயில் அது. பீடத்திலிருந்து இரண்டு கூடங்கள் கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி பிரிந்து போகும், நடுவில் சுவர். ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் நாடார். இரண்டு பக்கத்திலிருந்தும் பூசை செய்கிற சாமியாரைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. இதற்காக யோசித்து ஒரு வரைபடம் போட்டிருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ஆறவே இல்லை. 1910-ல் சுவரை இடித்தார்கள். அதைத் திரும்பக் கட்டித் தரச் சொல்லிச் சிலர் வழக்குப் போட்டார்கள், உயர் நீதிமன்றம் வரை போயும் எடுபடவில்லை.

2022-ல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் 1745-ல் ஞானஸ்நானம் பெற்றதும் இதே ஊரில்தான், அவரைத் தேடி வருகிறவர்கள் இப்போது அதிகம். நீங்கள் போனால் சுவரைப் பற்றியும் கேளுங்கள். கோபுரத்தையும் மணியையும் மட்டும் பார்த்துவிட்டு வருவது பாதி ஊரைப் பார்ப்பதுதான்.

கேள்வி: பிள்ளைகள் இரண்டாவது கோயிலிலேயே சிணுங்க ஆரம்பித்துவிடுவார்கள். என்ன செய்வது?
- வாசகி, சிவகாசி

பதில்: முதலூர் வழியாகப் போங்கள். 1799-ல் உருவான கிறிஸ்தவக் குடியிருப்பு, கோயிலும் பெரிசு. ஆனால் உங்களுக்கு வேண்டியது அங்கே கிடைக்கும் மஸ்கோத் அல்வா. தேங்காய்ப்பாலில் கிண்டுவது, நெய் கிடையாது, வாயில் வழுக்கிக்கொண்டு போகும். அரைக் கிலோ வாங்கி வண்டியில் வையுங்கள், இடையன்குடி வரை சத்தம் இருக்காது.