மழைக்குப் பின் எங்கள் ஊர்க் கண்மாயில் செந்நிற மீன்குஞ்சுக் கூட்டம் மேலே வந்து வந்து போகிறதே, அது என்ன?

அது பெரும்பாலும் விரால் குஞ்சுதான். கோரையும் தாமரையும் மண்டிய கரையோரத்தில் ஆணும் பெண்ணும் செடிகளை விலக்கி, வட்டமாக இடம் ஒதுக்கி முட்டையிடும். முட்டைக்குள் எண்ணெய்த் துளி இருப்பதால் அடியில் தங்காது. மஞ்சள் மணிகளாக நீர்மேல் மிதக்கும். நம் வெப்பத்துக்கு ஒன்று, ஒன்றரை நாளில் பொரித்துவிடும்.

குஞ்சுகள் மேலே வருவது காற்றுக்காக. செவுளுக்கு மேலே காற்றை வாங்கிவைக்க விராலுக்குத் தனி அறை உண்டு. கோடையில் குளம் வற்றிச் சேறானாலும் அது பிழைத்துக்கிடப்பது இதனால்தான்.

கூட்டத்துக்குக் கீழே உற்றுப் பாருங்கள், தாயோ தகப்பனோ நிற்கும். தவளையோ வேறு மீனோ நெருங்கினால் பாய்ந்து விரட்டும். குஞ்சு இருக்குமிடம் பார்த்துத் தூண்டில் போட்டால் பெரிய மீன் எளிதில் சிக்கும் என்பது பலருக்கும் தெரியும். தயவுசெய்து அந்த நேரத்தில் பிடிக்காதீர்கள். காவல் போனால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரைதான்.

முதலில் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்னும். பிறகு பூச்சி, இறால், சிறுமீன். சில வாரங்களில் சிவப்பு மங்கிப் பழுப்பேறும், கூட்டமும் கலையும். அதன்பின் பெரியது சிறியதை விழுங்கும். அதனால்தான் விரால் வளர்ப்போர் குஞ்சுகளை அளவுவாரியாகப் பிரித்து விடுகிறார்கள்.