டாலடேகாவை விட்டுப் போனவர்கள்

அன்புள்ள அண்ணா,

கோவையில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரி ஆட்டோமொபைல் கிளப்பில் அடுத்த மாதம் டாட்ஜ் சார்ஜர் டேடோனா, பிளைமவுத் சூப்பர்பேர்ட் கார்களின் ரேஸ் வரலாற்றைப் பற்றிப் பேசப்போகிறேன். மூன்று சந்தேகங்கள். பின்னால் இருக்கும் இறக்கை ஏன் அவ்வளவு உயரம்? டிக்கி திறப்பதற்காகத்தான் என்கிறார்களே? இரண்டில் எது சிறந்த கார்? வேகம் தாங்காமல்தானே அமெரிக்காவில் கார் ரேஸ்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு இவற்றைத் தடை செய்தது?

இன்னொன்று. டேடோனா கார் முதன்முதலாக ஓடிய 1969 ரேஸில், அமெரிக்காவின் டாலடேகா தடத்தில், பெரிய டிரைவர்கள் எல்லாம் டயரைச் சாக்குச் சொல்லி ஓடிவிட்டார்கள். ஆனாலும் ரேஸ் நடந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்படியென்றால் அவர்கள் பயந்தது வீண்தானே? அந்தக் கோழைகளால் இப்பேர்ப்பட்ட காரின் முதல் வெற்றிக்கே மதிப்பில்லாமல் போய்விட்டது என்பது என் வருத்தம்.

க., கோவை

அன்புள்ள தம்பி,

உனக்கு இரண்டு வரியில் தனியாகப் பதில் போட்டிருப்பேன். கடைசிப் பத்தி விடவில்லை. போன மாதம் வட கரோலினாவில் மகள் வீட்டில் இருந்தேன். ஒரு ஞாயிறு காலை அங்கே கடைகளுக்கு முன்னால் இருந்த பார்க்கிங்கில் பழைய கார்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அதில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சூப்பர்பேர்ட். அன்று முதல் டாலடேகாவை விட்டுப் போனவர்களைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர்களைக் கோழைகள் என்று எழுதி உன் கடிதம் வருகிறது.

முதலில் உன் மூன்று கேள்விகள். இறக்கையின் உயரம் 23 அங்குலம். அதன் கீழே டிக்கி மூடி திறந்தாக வேண்டும், கூரைக்கு மேலே வரும் கலங்காத காற்றும் இறக்கைக்குக் கிடைக்க வேண்டும். அந்த உயரம் இரண்டுக்கும் ஒத்துவந்தது. எது சிறந்த கார் என்ற கேள்வியை விட்டுவிடு, அதைக் கேட்டு யாரும் எதையும் தெரிந்துகொண்டதில்லை. மூன்றாவது, தடை என்பதே தவறு. 1971இல் நாஸ்கார் செய்தது, இறக்கை வைத்த இந்தக் கார்களுக்கு எஞ்சின் 305 கன அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று விதி போட்டது. அதாவது 5 லிட்டர். மற்ற கார்கள் 7 லிட்டர் வரை ஓட்டிக்கொண்டிருந்தன. அந்தச் சின்ன எஞ்சினோடும் டிக் புரூக்ஸ் ஒரு டேடோனாவை 1971 டேடோனா 500 ரேஸில் ஏழாவதாகக் கொண்டுவந்தார். ஃபோர்டின் டொரினோ டாலடேகாவுக்கும் அதே கட்டுதான். வேகம் ஒரு காரணம். செலவும், கம்பெனிகள் ரேஸிலிருந்து கையை இழுத்துக்கொள்ளத் தொடங்கியதும் மற்ற காரணங்கள். இவ்வளவு போதும்.

நான் பார்த்த சூப்பர்பேர்டின் சொந்தக்காரர் வயதானவர். கூரையில் கறுப்பு வினைல் ஒட்டியிருந்தது. பின்கண்ணாடிக்குப் பக்கத்தில் அதை விரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னார். உள்ளே ஒரு தடம் நெருடியது. காற்று சீராக வழுக்கிப்போக வேண்டும் என்பதற்காகப் பின்கண்ணாடியின் வளைவை மாற்றி, இடைவெளியில் தகடு வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். பற்றவைத்த இடத்தைத் தேய்த்து மெருகேற்ற நேரமில்லை, மேலே வினைலை ஒட்டி மறைத்துவிட்டார்கள். எல்லா சூப்பர்பேர்டுக்கும் வினைல் கூரை இருப்பது இதனால்தான். அழகுக்கென்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இந்த அவசரத்தைப் புரிந்துகொண்டால் மீதிக் கதை தானாகப் புரியும். டேடோனாவுக்கு மூலமான 1968 சார்ஜரின் முகப்பு உள்வாங்கியது, பின்கண்ணாடி குழிந்தது. இரண்டு இடத்திலும் காற்று சிக்கும். அதைச் சரிசெய்து சார்ஜர் 500 கொண்டுவந்தார்கள், அப்படியும் 1969 டேடோனா 500 ரேஸில் ஃபோர்டே ஜெயித்தது. உடனே கூர்மூக்கு, உயர்ந்த இறக்கை, அதுதான் டேடோனா. 500 கார் செய்து விற்றால்தான் ரேஸில் விடலாம் என்பது அன்றைய விதி, டாட்ஜ் 503 செய்தது. சில மாதத்தில் எல்லாம் முடிந்து, 1969 செப்டம்பரில் கார் டாலடேகாவில் வந்து நின்றது. உடம்பைப் பல வருடம் தாண்டி முன்னே கொண்டுபோய்விட்டார்கள். டயர் மட்டும் பழைய இடத்திலேயே நின்றது.

டாலடேகா புதுத் தடம். சுற்றளவு 2.66 மைல், வளைவுகள் 33 டிகிரி சாய்வு. இன்ஜினியரிங் படிக்கிறாய், கணக்குப் போட்டுப் பார். ஏறத்தாழ 1,000 அடி ஆரமுள்ள வளைவில் மணிக்கு 200 மைல், அதாவது 322 கி.மீ. வேகத்தில் போனால், சாய்வு காரை மேலேயிருந்து அழுத்துவதுபோல் ஆகும். டயர் மேல் விழும் பாரம் காரின் எடையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் வரும். கார் ஏறத்தாழ 1.75 டன். இறக்கை கீழே தள்ளுவது அதற்கு மேலே. வலது பக்க டயர்கள் பெரும்பங்கைச் சுமக்கும், ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்ந்து சூடாகும். அன்றைய டயர்கள் நைலான் நூலைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்ட பழைய வகை. சூடு ஏறினால் மேல் ரப்பர் நூலை விட்டுப் பிரியும், பிறகு துண்டு துண்டாகப் பறக்கும். சார்லி குளோட்ஸ்பாக் டேடோனா காரில் 199.466 மைல் வேகத்தில் தகுதிச் சுற்றை முடித்தார். கம்பெனி அறிக்கையில் அந்த எண்தான் பெரிதாக வந்திருக்கும். கார்களை நிறுத்தி டயர் மாற்றும் பிட்டில் நின்ற டிரைவர்கள் பார்த்தது, சில சுற்றுகளிலேயே கிழிந்து வந்த டயர்களை.

ஃபயர்ஸ்டோன் கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. டயர் செய்கிறவனே என் டயரை நம்பி இங்கே ஓட்டாதே என்று சொல்லிவிட்டுப் போகிறான் தம்பி. இதை உன் குறிப்பில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள். குட்இயர் வேறு டயர்களை வரவழைத்தது, அவையும் தாங்கவில்லை. தடத்தைக் கட்டியவர், நாஸ்காரின் தலைவர் பில் பிரான்ஸ், அறுபதை நெருங்கும் வயதில் தானே ஒரு ஃபோர்டில் ஏறி மணிக்கு 175 மைலுக்குப் பக்கத்தில் ஓட்டிக் காட்டினார். அவர் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 175க்கும் 200க்கும் நடுவில் இருப்பது 25 மைல் மட்டுமல்ல. வளைவின் விசை வேகத்தின் இருமடியில் ஏறும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அதுவும் சில சுற்று ஓட்டுவது வேறு, 500 மைல் ஓட்டுவது வேறு.

செப்டம்பர் 13, சனிக்கிழமை. டிரைவர்கள் சங்கத்தின் தலைவர் ரிச்சர்ட் பெட்டி. ரேஸைத் தள்ளிவைக்கச் சொன்னார்கள், பிரான்ஸ் மறுத்தார். கார்களை டிரக்கில் ஏற்றிக்கொண்டு முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கிளம்பினார்கள். நீ கோழை என்கிறாயே, அவர்கள் யார் தெரியுமா? மணிக்கு 190 மைலில் முன்னால் போகும் காரின் பம்பரை முட்டிக்கொண்டு ஓட்டுவதுதான் அவர்கள் தினப்படி வேலை. 1964 செப்டம்பரில் சார்லட்டில் டயர் சோதனை செய்யும்போது டயர் வெடித்து ஜிம்மி பர்டியூ செத்துப்போனார். நான்கு மாதத்துக்குள், 1965 ஜனவரியில், டேடோனா தடத்தில் இன்னொரு டயர் சோதனையில் பில்லி வேட். டயருக்குள் இன்னொரு டயர் வைக்கும் ஏற்பாடு ரேஸில் பரவியதும் அந்தக் காலத்தில்தான். பர்டியூவோடும் வேடோடும் ஒரே தடத்தில் ஓட்டியவர்கள்தான் டாலடேகாவில் கிழிந்த டயரைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்ததை நீ சாக்கு என்கிறாய்.

சங்கம் வைத்தால் என்ன ஆகும் என்றும் அவர்களுக்குத் தெரியும். 1961இல் தொழிற்சங்கம் கட்டப்பார்த்த கர்ட்டிஸ் டர்னரை ஆயுளுக்கும் தடை செய்தார் பிரான்ஸ், 1965இல்தான் நீக்கினார். பரிசுப் பணம், பிழைப்பு, தொழில் எல்லாவற்றையும் பணயம் வைத்துத்தான் பெட்டி டிரக்கைக் கிளப்பச் சொன்னார்.

இனி, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்கிறாயே, அதற்கு வருகிறேன். உன் கடிதத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்த இடம் அது.

என் அப்பா சங்ககிரியில் லாரி ஓட்டினார். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். சேலத்து ஜவ்வரிசி லோடு, பூனாவுக்கு. கிளம்புவதற்கு முன்னால் டயர்களைச் சுற்றி வந்தவர், பின் டயர் ஒன்றின் பக்கத்தில் குத்தவைத்துக் கட்டைவிரலால் தடவினார். பட்டன் சுத்தமாகத் தேய்ந்து, ஓரத்தில் நூல் வெளியே தெரிந்தது. ஸ்டெப்னியும் அதே லட்சணம். "ஏனுங்க மொதலாளி, நூலு தெரியுதுங்க. தொப்பூர்ல லோடோட இத நம்பி எப்படிங்க ஏத்தறது? டயர் மாத்திக் குடுங்க, நாளைக்கு எடுக்கறனுங்க" என்றார். ஓனர் ஷெட்டில் எல்லோரும் கேட்கும்படி, பயந்தவனெல்லாம் எதுக்கு ஸ்டியரிங்கப் புடிக்கிற என்றார். அப்பா சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். வேறொரு டிரைவர் அதே வண்டியை எடுத்துப்போய் லோடு இறக்கிவிட்டுப் பத்திரமாகத் திரும்பிவந்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அப்பாவை எங்கே பார்த்தாலும், அவன் போயிட்டு வந்துட்டான்ல, என்ன ஆச்சு, என்று ஓனர் கேட்பார். அப்பாவிடம் அதற்குப் பதில் இருந்ததில்லை. மாதக்கணக்கில் வேலையும் இல்லை. அம்மா நெசவுக்குப் போய்த்தான் அடுப்பு எரிந்தது.

அன்று அப்பாவிடம் இல்லாத பதிலை இப்போது உனக்குச் சொல்கிறேன், டாலடேகாவின் எண்களோடு. செப்டம்பர் 14 ஞாயிற்றுக்கிழமை ரேஸின் சராசரி வேகம் மணிக்கு 153.778 மைல். தகுதிச் சுற்றில் 199 ஓடிய தடம் அது. ஏன் அவ்வளவு இறங்கியது? சனிக்கிழமை ரேஸில் ஓடிய சின்ன வகைக் கார்களைச் சேர்த்துத்தான் வரிசையை நிரப்பினார்கள். விபத்து எதுவும் இல்லாமலே இத்தனை சுற்றுக்கு ஒருமுறை மஞ்சள் கொடி காட்டி, எல்லோரையும் மெதுவாக்கி, டயர் மாற்றச் செய்தார்கள். ஓட்டியவர்களும் ஆக்சிலேட்டரை அளந்துதான் மிதித்தார்கள். அதாவது, கிளம்பிப் போனவர்கள் சொன்னது முழுக்க உண்மை என்று ஏற்றுக்கொண்டு, அதற்குத் தகுந்தபடி ரேஸையே மாற்றி நடத்தினார்கள். நடத்தி முடித்துவிட்டு, பார்த்தாயா ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். நடந்தது அவர்கள் பயந்த ரேஸே அல்ல. பிறகு அந்த ரேஸை வைத்து அவர்கள் பயத்தை எப்படி எடைபோடுவாய்?

ஒரு வண்டி ஒருமுறை பத்திரமாக வந்தது என்றால், அந்த ஒருமுறை டயர் தாங்கியது என்று மட்டுமே பொருள். டயர் நன்றாக இருந்தது என்று பொருளில்லை. பூனா போய்வந்த அந்த டிரைவரும் தொப்பூர் இறக்கத்தில் எந்த கியரில் உருட்டிக்கொண்டு வந்தார் என்று ஓனர் ஒருநாளும் கேட்டதில்லை. பரிசோதனையின் நிபந்தனையை மாற்றிவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று உனக்கு முதலாண்டு லேபிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இதற்கு மேலும் உனக்குச் சந்தேகம் இருந்தால் 1970 ஏப்ரலுக்குப் போ. அதற்கு முந்தைய மாதம், மார்ச் 24 அன்று, அதே தடத்தில் 200.447 மைல் ஓட்டி, சுற்றிவரும் ரேஸ் தடத்தில் 200ஐத் தாண்டிய முதல் ஆள் என்று பெயர் வாங்கியவர் பட்டி பேக்கர். ஏப்ரல் ரேஸில் முன்னணியில் போய்க்கொண்டிருந்த அதே பேக்கரின் டேடோனாவில் டயர் போய், தீப்பற்றிக் கார் சுழன்றது. அவர் உயிரோடு இறங்கினார். ரேஸை சூப்பர்பேர்டில் பீட் ஹாமில்டன் ஜெயித்தார். சாதனை எண் எல்லோருக்கும் மனப்பாடம், ஏப்ரல் தீயை யாரும் சொல்வதில்லை. உன் குறிப்பிலும் அது இருக்காது என்று நினைக்கிறேன்.

உன் வருத்தத்தில் நியாயமான ஒரு துளி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அன்று ஜெயித்த ரிச்சர்ட் பிரிக்ஹவுஸ். சங்கத்தில் இருந்தவர், விலகுவதாக ஒலிபெருக்கியில் அறிவிக்கச் செய்துவிட்டு, குளோட்ஸ்பாக் விட்டுப்போன 99ஆம் எண் டேடோனாவில் ஏறினார். முதல்தரக் கார் வாழ்நாளில் ஒருமுறை கைக்கு வருகிறது, வீட்டில் வயிறு இருக்கிறது. அவரை நான் துரோகி என்று சொல்ல மாட்டேன். அப்பாவும் அந்தப் பூனா டிரைவரை ஒரு சொல் திட்டியதில்லை, அடுத்த வாரமே அவரோடு உட்கார்ந்து டீ குடித்தார். நாஸ்காரின் மேல்தட்டு ரேஸ்களில் பிரிக்ஹவுஸுக்கு அதுவே ஒரே வெற்றி. மதிப்பிழந்தது அந்த வெற்றி என்றால், இழக்கச் செய்தவர் தேதியைத் தள்ளிவைக்க மறுத்தவர்தான். டிரக்கில் காரை ஏற்றிக்கொண்டு போனவர்களின் மேல் அந்தப் பழியைப் போடாதே.

கணக்குப் போடத் தெரிந்த பையன், காரின் மேல் இவ்வளவு பிரியம் வைத்திருக்கிறாய். அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன். பேச்சைத் தயார்செய்ததும் எனக்கு அனுப்பு, படித்துச் சொல்கிறேன். கோழை என்ற சொல் அதில் இருக்கக் கூடாது. பர்டியூ, வேட் என்ற இரண்டு பெயர்களும் இருக்க வேண்டும். கிளப்பில் நேரம் போதாது என்றால் இறக்கையின் உயரத்தை விட்டுவிடு.