ஏசிஎல் சர்ஜரிக்கு அப்புறம் டெஸ்ட் எல்லாம் பாஸ், ஆனா கிரவுண்டுல இறங்க பயமா இருக்கு, என்ன பண்றது?

ஏசிஎல், அதாவது முட்டிக்குள்ள எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கற நார், அதுக்கு சர்ஜரி முடிஞ்சு பத்து மாசம், டாக்டர் ஓகே சொல்லிட்டார், ஒத்தக் கால்ல குதிக்க வச்சுப் பாக்கற ஹாப் டெஸ்ட்ல ரெண்டு காலும் கிட்டத்தட்ட சமம், ஆனா மேட்ச்னு இறங்கினா கால் வரமாட்டேங்குது, நான் கோழை ஆயிட்டேனான்னு கேட்டிருக்கீங்க. இல்லவே இல்லங்க. நானும் இதே இடத்துல நின்னவன்தான். ஃபுட்பால், வலது முட்டி, பக்கத்துல ஒருத்தரும் இல்ல, பாலை நிறுத்திட்டு வலது காலை ஊனி இடது பக்கம் திரும்பினேன், உள்ள டப்புன்னு ஒரு சத்தம், அவ்ளோதான். ஏசிஎல் கிழியறதுல பெரும்பாலும் இப்படி யாரும் மோதாமதான் நடக்குது. யாராவது இடிச்சு விழுந்திருந்தா அவன் மேல கோவப்பட்டுட்டு போயிருப்போம், இதுல நம்ம காலே நம்மள விட்டுட்ட மாதிரி ஆயிடுது, அப்புறம் அந்தக் காலை நம்பறது லேசுல வராது.

இது உங்களுக்கு மட்டும் இல்ல. 2011ல நிறைய ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துப் பாத்தாங்க, சர்ஜரி பண்ணினவங்கள்ல சுமார் 90% பேருக்கு முட்டி நார்மல் இல்லன்னா கிட்டத்தட்ட நார்மல், ஆனா போட்டி லெவல்ல திரும்ப ஆடினவங்க 44% தான். 2014ல இன்னும் நிறைய பேரை வச்சுப் பாத்தப்ப அது 55% ஆச்சு. முட்டி சரியாகியும் இத்தனை பேர் திரும்பலன்னா மீதி விஷயம் எங்க இருக்கு? ஆடாம நிறுத்தினவங்க சொல்ற காரணத்துல திரும்ப அடிபடுமோங்கற பயம் முக்கியமான ஒண்ணு. இதை அளக்கவே ஏசிஎல் ஆர்எஸ்ஐனு 12 கேள்வி இருக்கு, 2008ல வந்தது, ஆடறப்ப பதட்டமா இருக்கா, முட்டியப் பத்தியே யோசிக்க வேண்டியிருக்கறது எரிச்சலா இருக்கா, இன்னொரு தடவை சர்ஜரி, ரீஹாப்னு போகணுமோங்கற நினைப்பு தடுக்குதா, இந்த மாதிரி. தொடை மசில் பலத்தை மெஷின்ல அளக்கறாங்க, இதை மட்டும் ஏன் யாரும் கேக்கறதில்லன்னு எனக்கு இன்னும் வருத்தம்தான்.

எனக்கு திருப்பம் எங்க வந்துச்சுன்னா, என் ஃபிசியோ ஒரு நாள் பிராக்டிஸை ஃபோன்ல வீடியோ எடுத்து காட்டினார். "நீ திரும்பறதுக்கு முன்னாடி என்ன பண்றன்னு பாருப்பா"ன்னார். நேரா ஓடறப்ப ஒரு குறையும் இல்ல. இடது பக்கம் திரும்பணும்னா மட்டும் முன்னாடியே ரெண்டு குட்டி ஸ்டெப் வைக்கிறேன், உடம்பு வெயிட் எல்லாம் இடது கால்ல, வலது கால் சும்மா தரையைத் தொட்டுட்டுப் போகுது. பத்து தடவைல பத்து தடவையும் அப்படித்தான். எனக்கு அது தெரியவே தெரியாது, நான் நல்லா ஆடறேன்னுதான் நினைச்சிட்டு இருந்தேன். அப்பதான் புரிஞ்சுது, எனக்கு ஃபுட்பால் மேலயே பயம் இல்ல, அந்த ஒரு அசைவு மேலதான் பயம்.

அதுக்கப்புறம் ஒரு நோட்டுல எழுத சொன்னார், எந்த சூழ்நிலைக்கு பயம் பத்துக்கு எத்தனைன்னு. தனியா கோன் வச்சு மெதுவா திரும்பறது 3, அதையே வேகமா பண்றது 5, எதிர்ல ஒருத்தர் நிக்கறப்ப 7, பின்னாடி ஆள் துரத்திட்டு வர்றப்ப 9. மூணுல ஆரம்பிச்சு அது ஒண்ணா குறையற வரைக்கும் அதையே பண்ணிட்டு அடுத்ததுக்குப் போனோம், நடுவுல ஒரு வாரம் ஏழுலயே மாட்டிட்டு நின்னேன், போகட்டும்னு விட்டு அஞ்சுக்கு இறங்கி மறுபடி ஏறினோம். ராத்திரி படுத்துக்கிட்டு அதே திருப்பத்தை மனசுக்குள்ள ஓட்டிப் பாப்பேன், கால் ஊனறது, முட்டி மடங்கறது, தள்ளிட்டு வெளிய வர்றது. இது சும்மா ஆறுதலுக்கு இல்ல, 2001ல வந்த ஒரு சின்ன ஆய்வுல ரிலாக்ஸ் பண்ணி இப்படி கற்பனைப் பயிற்சி செஞ்சவங்களுக்கு பயமும் வலியும் குறைஞ்சு முட்டி பலமும் கூடியிருக்கு.

கூட ஆடறவங்க "தைரியமா இறங்குடா, ஒண்ணும் ஆகாது"ம்பாங்க. தயவுசெஞ்சு அதைக் கேட்டு நேரா மேட்ச்ல குதிக்காதீங்க. பயத்தோட ஆடறப்ப நம்ம லேண்டிங், திரும்பற விதம் எல்லாம் மாறுது, அது முட்டிக்கு நல்லதில்ல. அதே சமயம் பயமே இல்லாம அவசரப்படறதும் ஆபத்துதான், 25 வயசுக்குக் கீழ திரும்ப விளையாட வந்தவங்கள்ல சுமார் 23% பேருக்கு இந்தக் கால்லயோ அந்தக் கால்லயோ மறுபடி ஏசிஎல் போயிருக்கு. திரும்ப ஆட வர்றதை சர்ஜரிக்கு அப்புறம் ஒன்பது மாசம் வரைக்கும் தள்ளிப்போடற ஒவ்வொரு மாசத்துக்கும் முட்டியில மறுபடி அடிபடறது ஏறக்குறைய பாதி குறையுதுன்னு 2016ல ஒரு ஆய்வு வந்துச்சு. நீங்க அதைத் தாண்டிட்டீங்க, அது நல்ல விஷயம்.

அதனால அடுத்த பிராக்டிஸ்ல ஃபோனை ஓரமா வச்சு ஒரு பத்து நிமிஷம் வீடியோ எடுங்க, உங்க கால் எந்த அசைவுல தயங்குதுன்னு பாருங்க, அதை எடுத்துட்டுப் போய் உங்க ஃபிசியோகிட்ட காட்டுங்க, அந்த 12 கேள்வியையும் கேக்க சொல்லுங்க. என்ன அசைவுன்னு கமெண்ட்ல சொன்னீங்கன்னா நான் அதை எப்படிப் பிரிச்சுப் பண்ணினேன்னு எழுதறேன்.