டீ குடிக்கலாமா? – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் இருக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பிறந்து வளர்ந்தது சி.எஸ்.ஐ. சபையில். கல்யாணத்துக்குப் பிறகு இங்கே ஒரு ஜெபக்குழுவில் சேர்ந்தேன். அங்கே யாரும் டீ, காப்பி குடிப்பதில்லை. அது அடிமைத்தனம், சரீரம் தேவனுடைய ஆலயம், அதைக் கெடுக்கக் கூடாது என்று போதிக்கிறார்கள். நானும் விட்டேன். முதல் மூன்று நாள் மண்டையைப் பிளக்கிற தலைவலி. "பிசாசு போராடுகிறான், விட்டுக்கொடுக்காதே" என்றார்கள். அப்புறம் சரியாகிவிட்டது. அதைச் சாட்சியாகவும் சொன்னேன்.

இப்போது இரண்டு விஷயம் மனதை உறுத்துகிறது. போன மாதம் ஊழியத்துக்காக ஒரு குடிசைப் பகுதிக்குப் போயிருந்தோம். ஒரு வீட்டில் அந்த அம்மா ஓடிப்போய்ப் பால் பாக்கெட் வாங்கி வந்து டீ போட்டார். "வேண்டாம்மா, நாங்க யாரும் குடிக்கிறதில்ல" என்றோம். அவர் முகம் மாறியதை மறக்க முடியவில்லை. ஊரிலிருந்து வந்த மாமியாரும், "நான் போட்ட டீ உனக்கு ஆகாதோ?" என்று கேட்டார். அதற்குப் பிறகு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. டிசம்பரில் மறுபடி வருகிறார்.

டீ குடிப்பது விசுவாசத்துக்கு விரோதமா? ரத்தசோகைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், டீ இல்லாதது உடம்புக்கும் நல்லது என்கிறார்கள். தெளிவாகச் சொல்லுங்கள்.

ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரி,

விரோதமில்லை. வேதாகமத்தில் தேயிலையைப் பற்றிய பேச்சே கிடையாது. ஆனால் இதோடு நிறுத்தினால், "வேதத்தில் சிகரெட்டும்தான் இல்லை" என்று உங்கள் குழுவில் மடக்குவார்கள். அதுவும் நியாயமான கேள்விதான்.

முதலில், உங்கள் குழு புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் டீ, காப்பியைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். 1863இல் அந்தச் சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான எல்லன் ஒயிட் கண்ட ஆரோக்கிய தரிசனத்திலிருந்து வருகிற வழக்கம் அது. மோர்மன்கள் என்று சொல்லப்படுகிறவர்களுக்கு 1833இலிருந்தே ஓர் ஆரோக்கியப் போதனை உண்டு. அதில் 'சூடான பானங்கள்' என்று மட்டும்தான் இருக்கிறது. டீயும் காப்பியும்தான் அவை என்று அவர்கள் சபை விளக்கியது. கிரீன் டீயும் அதில் சேர்த்தி. கத்தோலிக்கருக்குத் தடை எதுவும் இல்லை. நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து தண்ணீரையும் மருந்தையும் தவிர எதுவும் சாப்பிடக் கூடாது என்ற விதி மட்டும் உண்டு. காலைப் பூசைக்குக் கிளம்பும் அவசரத்தில் குடிக்கிற டீ அதில் மாட்டிக்கொள்ளும்.

இவர்களைவிட எனக்குப் பிடித்த ஆள் ஜான் வெஸ்லி, மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியவர். இந்த பெங்களூரு கண்டோன்மென்ட்டில் தமிழர் நடுவே ஆரம்பத்தில் வேலை செய்தவர்களில் அவர் வழிவந்த வெஸ்லியன் மிஷனரிகளும் உண்டு. அந்தச் சபைகள்தான் 1947இல் மற்றவற்றோடு சேர்ந்து நீங்கள் பிறந்த சி.எஸ்.ஐ. ஆயின. அந்த வகையில் அவர் உங்களுக்கு ஒரு விதத்தில் தாத்தா முறை.

வெஸ்லி 26 வருடம் டீ குடித்தவர். கை நடுங்குகிறது, நரம்புத் தளர்ச்சிக்கு டீதான் காரணம் என்று நினைத்தார். ஏழைகளுக்கு ஆகிற பணம் இதில் போகிறதே என்ற கவலையும் இருந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் கடுமையான வரியால் டீ விலை அதிகம். 1746இல் விட்டார். விட்ட கதையைத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்: முதல் மூன்று நாள் தலைவலி, காலையிலிருந்து இரவு வரை அரைத்தூக்கம், மூன்றாம் நாள் மத்தியானம் ஞாபகசக்தியே போனது போல் இருந்தது, அன்று சாயங்காலம் ஜெபம் பண்ணினார், மறுநாள் காலை தலைவலி இல்லை.

உங்கள் மூன்று நாள் கணக்கோடு இது அப்படியே ஒத்துப்போகிறது பாருங்கள். இதற்குப் பிசாசு தேவையில்லை, காஃபீன் போதும். மூளையில் அடினோசின் என்று ஒரு பொருள் சேரச் சேரத்தான் நமக்குத் தூக்கம் வருகிறது. காஃபீன் போய் அதன் இடத்தை அடைத்துக்கொள்கிறது. தினமும் இப்படி நடந்தால் மூளை அதற்கேற்ப மாறிக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் தலைவலி ஆரம்பிக்கும், இரண்டு நாள் உச்சத்தில் இருக்கும், ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஜெபிக்காதவர்களுக்கும் அடங்கும். நீங்கள் சொன்ன சாட்சியைத் திரும்ப வாங்க வேண்டியதில்லை. மனதைக் கட்டுப்படுத்தி நின்றீர்கள், அது உண்மைதான். ஆனால் அடுத்த முறை ஒரு பெண் தலைவலியோடு வந்தால் பிசாசு என்று பயமுறுத்தாமல், தினம் அரை டம்ளராகக் குறைத்து நிறுத்தச் சொல்லுங்கள்.

வெஸ்லி கதைக்கு மிச்சமும் உண்டு. 1748இல் டீக்கு எதிராக ஒரு நீண்ட கடிதமே எழுதி அச்சிட்டவர், சுமார் 12 வருடம் குடிக்காமல் இருந்துவிட்டு, மருத்துவர் சொன்னதன் பேரில் மறுபடி ஆரம்பித்தார். பீங்கானுக்குப் பேர்போன வெட்ஜ்வுட் அவருக்கென்று ஒரு பெரிய டீ கெட்டிலையே செய்து கொடுத்தார். ஒரு பக்கம் சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபம், மறுபக்கம் பின் சொல்லும் ஜெபம். லண்டனில் அவர் வீட்டில் இன்றும் இருக்கிறது.

சரி, வசனத்துக்கு வருவோம். 'சரீரம் ஆலயம்' என்பது 1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரத்தில் வருகிறது. பவுல் அங்கே பேசுவது வேசித்தனத்தைப் பற்றி, அடுப்படியைப் பற்றி அல்ல. உங்கள் குழுவுக்கு உதவக்கூடிய வசனம் அதே அதிகாரத்தில் கொஞ்சம் மேலே இருக்கிறது: "எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு, ஆகிலும் நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்." நாளைக்கு ஏழெட்டு டீ, இல்லாவிட்டால் எரிச்சல் என்றிருப்பவர் இதைப் படித்துவிட்டு நிறுத்தினால் நான் கைதட்டுவேன். லெந்து என்கிற தவக்கால நாட்களில் டீயை விட்டு அந்தக் காசைக் காணிக்கை உண்டியலில் போடுகிறவர்களைத் தெரியும். நல்ல காரியம். 'நான் விட்டேன்' என்பது 'நீயும் விடு' என்று ஆகி, அதுவும் போய் 'விடாதவன் விசுவாசி இல்லை' என்று ஆகும்போதுதான் வம்பு. கொலோசெயரில் பவுல் இதைத்தான் பேர் சொல்லியே தடுக்கிறார்: "போஜனத்தையும் பானத்தையும் குறித்தாவது... ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக."

இதெல்லாம் இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் குடிசை வீட்டு அம்மாவின் முகம்.

நம் ஊரில் ஒருவர் வீட்டில் டீயை மறுப்பதற்கு ஒரு பழைய அர்த்தம் உண்டு. அதை மறந்துவிட்டு நாம் கொரிந்தியர் பேசுகிறோம். தமிழ்நாட்டு டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது, சில இடங்களில் இன்னும் இருக்கிறது. ஒரு சாதிக்குக் கண்ணாடி டம்ளர், இன்னொரு சாதிக்குத் தனியாக ஒதுக்கிய குவளை, குடித்தவரே கழுவி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் கப் வந்தபோது அதையும் இதற்கே பயன்படுத்திக்கொண்டார்கள். வீட்டுக்கு வருகிற மேல்சாதிக்காரர் திண்ணையோடு பேசிவிட்டுப் போவார், தண்ணீர்கூட வாங்கமாட்டார். கேட்டால் "இப்பத்தான் குடிச்சேன்" என்பார். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த ஒரு பெண், கையில் பைபிளோடு வந்த நான்கு பேர் ஒரே குரலில் வேண்டாம் என்றால் எதை நினைப்பார்? உங்கள் உபதேசம் அவருக்குத் தெரியாது. அந்தப் பழைய பதில்தான் அவர் காதில் விழுந்திருக்கும்.

இதே விவகாரம் புதிய ஏற்பாட்டிலேயே இருக்கிறது. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லார் முன்னாலும் அவரை முகத்துக்கு நேராகக் கண்டித்தார். கலாத்தியர் இரண்டாம் அதிகாரம், நிதானமாகப் படியுங்கள். பந்தியில் என்ன இருந்தது என்று பவுல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யார் எழுந்து போனார்கள் என்பதுதான் அவருக்குப் பிரச்சினை. இயேசுவும் எழுபது பேரை அனுப்பும்போது, உங்கள் முன் வைக்கிறதைப் புசியுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார். ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கென்றே கொடுத்த கட்டளை அது. உங்கள் குழுவில் இதை யாரும் பிரசங்கம் பண்ணவில்லையா?

இங்கே நம் தெருமுனைக் கடையில் 'பை டூ' கேட்டிருப்பீர்கள். ஒரு டீயை இரண்டு டம்ளரில் ஊற்றுவார்கள். சில கடைக்காரர்கள் இரண்டிலும் மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, குறைந்ததில் இன்னும் கொஞ்சம் விடுவார்கள். பக்கத்தில் நிற்பவர் எந்த ஊர், என்ன சாதி என்று கேட்காமல் நாங்கள் அதைக் குடிக்கிறோம். பெங்களூருவில் எனக்குப் பிடித்த சில விஷயங்களில் அது ஒன்று. (டிராஃபிக் அந்தப் பட்டியலில் இல்லை.)

டீ விஷயத்தில் மனசாட்சி குத்தியே ஆக வேண்டும் என்றால் அதற்கும் இடம் இருக்கிறது. 1790களில் இங்கிலாந்தில் ஏராளமான கிறிஸ்தவக் குடும்பங்கள் டீயில் சர்க்கரை போடுவதை நிறுத்தின. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விளைவித்த சர்க்கரை என்பதுதான் காரணம். இன்று நாம் குடிக்கிற தேயிலையைப் பறிக்கிறவர்களில் நம் ஜனமும் உண்டு. 2015இல் மூணாறில் தமிழ்ப் பெண்கள் போனஸுக்கும் கூலிக்கும் தெருவில் இறங்கியபோது நாள் கூலி 232 ரூபாய். உங்கள் திருநெல்வேலியிலேயே, 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியடியின்போது தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். இதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை டீயை விட்டு ஜெபம் பண்ணினால் நானும் வருகிறேன்.

இனி நீங்கள் கேட்டதற்கு. உங்களுக்கு டீ இல்லாமல் இருப்பது பிடித்திருந்தால் அப்படியே இருங்கள். குழுவோடு சண்டை போட வேண்டாம். ஆனால் அடுத்தவர் வீட்டில் போட்டு வைத்ததைக் குடியுங்கள். முடியாத நாளில் "டீ வேண்டாம்மா, தண்ணி கொடுங்க" என்று கேட்டு, அவர்கள் சொம்பிலிருந்தே வாங்கி, அவர்கள் முன்னாலேயே குடியுங்கள். அந்த அம்மா வீட்டுக்கு மறுபடி ஒரு முறை தனியாகப் போய்வாருங்கள். கையில் துண்டுப்பிரசுரம் வேண்டாம். மாமியாருக்கு இத்தனை விளக்கமும் தேவைப்படாது. அவர் வந்த அன்று காலை நீங்களே, "அத்தை, எனக்கும் அரை டம்ளர்" என்று கேட்டால் போதும்.

ரத்தசோகை விஷயத்தில் மட்டும் உங்கள் குழு சொல்வதில் பாதி சரி. டீ, சாப்பாட்டிலும் மாத்திரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைக் குறைக்கும். அதற்காக முழுசாக விட வேண்டியதில்லை. மாத்திரைக்கும் டீக்கும் நடுவே ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள், சாப்பிட்ட கையோடு குடிக்காதீர்கள். எவ்வளவு நேரம் என்று உங்கள் டாக்டரிடமே ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.