நாள் கணக்கை விடுங்கள், முந்தைய இரண்டு மணி நேரத்தைப் பாருங்கள்

ஆபாசப் படம் பார்ப்பதை விட முடியாமல் தவிப்பவர்களுக்குப் பல வருடமாக ஆலோசனை சொல்லி வருகிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றைப் பெயர் சொல்லாமல், சுருக்கிக் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, 41 நாள் பார்க்காமல் இருந்தேன். நேற்று ராத்திரி ஒரு தடவை பார்த்துவிட்டேன். அப்புறம் விடியும்வரை நிறுத்தவே முடியவில்லை. மறுபடியும் முதல் நாளா?

இல்லை தம்பி. 41 நாளில் கற்றுக்கொண்டது ஒரே ராத்திரியில் அழிந்துவிடாது. நேற்று நடந்ததை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் ஒரு சறுக்கல். அதற்கப்புறம் விடியும்வரை நடந்தது, 'போனது போச்சு, இனி என்ன' என்கிற நினைப்பு செய்த வேலை. குடிப்பழக்கத்தை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் 1980களிலேயே இதை விளக்கியிருக்கிறார். முதல் கோப்பையை விட, 'நான் உருப்படவே மாட்டேன்' என்று அதற்கு நாம் கற்பிக்கும் அர்த்தம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. நாள் கணக்கு ஏற ஏற, விழும்போது அடியும் பலமாகப் படுகிறது.

அதனால் கணக்குக்குப் பதில் வேறொன்றை எழுதச் சொல்வேன்: பார்ப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் என்ன நடந்தது? என்னிடம் வந்த ஒருவர் நாலு வாரம் இதை எழுதினார். 'எனக்குக் காமம் அடங்க மாட்டேன் என்கிறது' என்று சொல்லிக்கொண்டு வந்தவர். நோட்டைப் புரட்டினால் காமம் எங்குமே முதல் வரியில் இல்லை. மேலதிகாரியிடம் வாங்கிய திட்டு, சரியாகச் சாப்பிடாத ராத்திரி, தலையணைக்குப் பக்கத்திலேயே சார்ஜர். ஒவ்வொரு சறுக்கலிலும் இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தன. சார்ஜரைப் படுக்கையறைக்கு வெளியே மாற்றினார். அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் வைத்தார். திட்டு வாங்கிய நாட்களில், வீடு போய்ச் சேருமுன் தம்பிக்கு போன் போட்டுப் புலம்பப் பழகினார். அதற்கப்புறமும் இரண்டு தடவை சறுக்கினார். ஆனால் இரண்டு தடவையும் பத்து நிமிடத்தோடு மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போனார். எனக்கு அதுதான் பெரிய முன்னேற்றம்.

நேற்று சாயங்காலம் ஆறு மணியிலிருந்து உங்களுக்கு என்ன நடந்தது? இன்றைக்கே எழுதிப் பாருங்கள்.

கேள்வி: மாதத்தில் இரண்டு மூன்று முறை பார்க்கிறேன். பார்த்தபின் அழுகையாக வருகிறது. நான் அடிமையாகிவிட்டேனா?

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பில், 'கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தைக் கோளாறு' இடம்பெற்றிருக்கிறது. அதையும் சூதாட்டம், வீடியோ கேம் அடிமைத்தனத்தோடு சேர்க்காமல், உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளின் கீழ்தான் வைத்திருக்கிறார்கள். ஆறு மாதமோ அதற்கு மேலோ கட்டுப்பாடு கைமீறிப் போயிருக்க வேண்டும். வேலை, உடல்நலம், உறவு என்று ஏதோ ஒன்று சரிந்தும், பலமுறை முயன்றும் நிறுத்த முடியாமல் இருக்க வேண்டும். 'இது தப்பு' என்ற மனசாட்சி உறுத்தல் மட்டுமே வேதனைக்குக் காரணம் என்றால் அது இந்தக் கோளாறு ஆகாது என்றும் அங்கே தெளிவாகவே எழுதியிருக்கிறது.

உங்கள் அழுகையைச் சின்னதாக்கிப் பேசவில்லை. உங்கள் நம்பிக்கைக்கும் நடத்தைக்கும் நடுவே இழுபறி இருக்கிறது, அதைப் பற்றிப் பேசலாம். ஆனால் 'நோயாளி' என்ற பட்டத்தை நீங்களே சூட்டிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: இப்போது பார்த்தால் சந்தோஷமே இல்லை. வெறுப்புதான் வருகிறது. ஆனாலும் கை தானாகப் போனை எடுக்கிறது. ஏன்?

வேண்டும் என்ற இழுப்பு வேறு, பிடித்திருப்பது வேறு. மூளையில் இரண்டுக்கும் வழி தனித்தனி என்பதை பெர்ரிட்ஜ், ராபின்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993இலேயே முன்வைத்தார்கள். பழகப் பழக இழுப்பு வளரும், இன்பம் வளராது. மூளை ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகளில், பழகிய பிறகு, டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புகள் பழச்சாறு வாயில் விழும்போது துள்ளவில்லை. சாறு வரப்போகிறது என்று சொல்லும் விளக்கைக் கண்டதுமே துள்ளின. உங்களுக்கு அந்த விளக்கு எது? கதவைச் சாத்தும் சத்தமா, எல்லாரும் தூங்கிவிட்ட அமைதியா? அதைக் கண்டுபிடியுங்கள்.

'90 நாளில் மூளை ரீசெட் ஆகிவிடும்' என்று சொல்வதை நம்பி உட்கார வேண்டாம். அந்த எண்ணுக்கு ஆராய்ச்சி ஆதாரம் கிடையாது.

கேள்வி: நினைக்கக் கூடாது என்று முயன்றால் இரண்டு மடங்காக வருகிறது.

வரத்தான் செய்யும். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தார். அவர்களால் முடியவில்லை. பிறகு நினைக்கலாம் என்று சொன்னதும், முதலிலிருந்தே நினைக்கச் சொன்னவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது.

எண்ணத்தோடு மல்லுக்கட்டாமல், உடம்பில் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நெஞ்சில் படபடப்பா, தொண்டையில் வறட்சியா, விரலில் குறுகுறுப்பா? ஏறும், உச்சத்துக்குப் போகும், இறங்கும். அலைமேல் மிதப்பது மாதிரி அதனோடு இருங்கள். முதல் சில தடவை தோற்பீர்கள், பரவாயில்லை.

கேள்வி: தடுப்புச் செயலி போடலாமா?

போடுங்கள். பாஸ்வேர்ட் வேறொருவர் கையில் இருக்கட்டும். அது வெறும் வேலி, தாண்ட முடியாத மதில் இல்லை. யோசிக்க உங்களுக்கு இரண்டு நிமிடம் வாங்கித் தரும்.

கேள்வி: கணவரின் போனில் ஆபாசப் படங்கள் இருப்பதைப் பார்த்தேன். என்னிடம் என்ன குறை என்று தெரியவில்லை.

சகோதரி, உங்களிடம் ஒரு குறையும் இல்லை. என்னிடம் வருபவர்களில் பலருக்கு இந்தப் பழக்கம் கல்யாணத்துக்கு முன்பே, மனைவி யார் என்றே தெரியாத வயதில் தொடங்கியது. மறைத்ததும் பொய் சொன்னதும்தான் உங்களை அதிகம் உடைத்திருக்கும். அந்தக் கோபம் நியாயமானது, அடக்கிக்கொள்ளத் தேவையில்லை.

ஆனால் தினமும் அவர் போனைச் சோதிக்கும் காவல்காரியாக மாறாதீர்கள். உங்கள் தூக்கம்தான் போகும். சறுக்கினால் அவரே வந்து சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். அவர் ஆலோசனைக்குப் போகட்டும், நீங்களும் உங்களுக்காக ஒருவரிடம் பேசுங்கள். படத்தில் பார்த்ததைச் செய்யச் சொல்லி வற்புறுத்தினால், மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. 'பழக்கம்' என்பது அதற்குச் சாக்கு ஆகாது.

கேள்வி: மருந்து உண்டா?

இதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை. கூடவே மனச்சோர்வோ பதற்றமோ இருந்தால் மனநல மருத்துவர் அதற்கு மருந்து தருவார், அதனால் இதுவும் தணியலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: யாரிடமாவது சொல்லலாம் என்றால் வாய் வரவில்லை ஐயா. எப்படித் தொடங்குவது?

என் அறைக்கு வருபவர்கள் பலர் 'தூக்கம் வரவில்லை' என்றுதான் தொடங்குவார்கள். நாற்பது நிமிடம் தூக்கத்தைப் பற்றியே பேசுவோம். எழுந்து கதவுப்பிடியில் கை வைத்தபடி, 'இன்னொரு விஷயம் சார்...' என்பார்கள். அதற்காகத்தான் வந்தார்கள் என்று இருவருக்கும் தெரியும். நான் மறுபடி உட்காரச் சொல்வேன்.

முழுக் கதையும் சொல்ல வேண்டியதில்லை. 'போனில் ஒரு பழக்கம் இருக்கிறது, நிறுத்த முயன்று முடியவில்லை, சொல்லவே வெட்கமாக இருக்கிறது.' இது போதும். வாய் வரவில்லை என்றால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். அப்படியும் நிறையப் பேர் நீட்டியிருக்கிறார்கள்.