கொசு, கூண்டு, கணக்கு: கேள்வி பதில்

நோய் பரவுற கணக்கைப் பத்திக் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். வந்ததுல சிலது.

பாம்பன் மீனவத் தம்பி: அண்ணே, கடைசிக் கொசு சாகுற வரைக்கும் மலேரியா போகாதா?

போகும் தம்பி. 1897ல செகந்திராபாத்துல கொசு வயித்துக்குள்ள மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்டு ராஸ், 1911லேயே கணக்குப் போட்டுக் காட்டிட்டார். ஒரு நோயாளிகிட்டேருந்து சராசரியா ஒருத்தருக்கும் குறைவாத் தொத்தினா நோய் தானா அடங்கிடும். அந்த அளவுக்குக் கொசு குறைஞ்சாப் போதும். கிணத்தையும் தொட்டியையும் மூடச் சொல்றது அதுக்குத்தான்.

தங்கச்சிமடம் அக்கா: வலை கட்டுறதா, சுவத்துல மருந்தடிக்கிறதா, எது மேல்?

கொசு ரெண்டு தடவை கடிச்சாத்தான் நோய் கைமாறும் அக்கா. ஒருத்தர்கிட்ட வாங்க ஒண்ணு, அடுத்தவருக்குக் கொடுக்க ஒண்ணு. ஊரே வலை கட்டிக் கடி பாதியானா, பரவல் கால்வாசியாயிடும். மருந்து கொசுவோட ஆயுசுல கைவைக்குது. உள்ள போன கிருமி முதிர 10, 12 நாளாகும். தினமும் 100க்கு 90 கொசு பிழைச்சா, 12 நாள் கழிச்சு 28 மிஞ்சும். 80 பிழைச்சா வெறும் 7. கிழட்டுக் கொசுதான் ஆபத்து. நான் மருந்துக் கட்சி; ஆனா அடிச்ச மறுவாரமே சுண்ணாம்பு பூசினா அவ்வளவும் வீண்.

மண்டபம் கல்லூரி மாணவர்: புயலை ஓரளவு சரியாச் சொல்றாங்க. கொரோனாக் கணிப்பு ஏன் தப்பாப் போச்சு சார்?

பாம்பன் துறைமுகத்துல கூண்டு ஏத்தினதைப் பாத்துப் புயல் திரும்பிப் போறதில்லை. நோய்க்கு எச்சரிக்கை விட்டா ஜனங்க வீட்டோட இருந்துடுறாங்க. ஒருத்தர் நாளுக்கு எத்தனை பேரைப் பாப்பார்னு நாம போட்ட எண்ணே மாறிடுது. லட்சம்னு சொன்னது ஆயிரத்துல நின்னா, கணக்கு பொய்யா, ஜனங்க பேச்சைக் கேட்டாங்களா? பிரிக்கிறது கஷ்டம். பரிசோதனை பண்ணினாத்தான் நோயாளி ஏட்டுல ஏறுவார்ங்கிறதும் இருக்கு. ஞாயித்துக்கிழமை எண்ணிக்கை இறங்கும். கிருமிக்கு என்ன லீவா? சில கணிப்பு நிஜமாவே மட்டம், அதையும் ஒத்துக்கிறேன். ஒத்தை எண்ணை அடிச்சுச் சொல்றவரை விட்டுட்டு, இதுலேருந்து இதுக்குள்ளன்னு சொல்றவர்கிட்ட காது கொடு.

கீழக்கரை காக்கா (அங்க அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாங்க): தட்டம்மை ஊசி அத்தனை பிள்ளைகளுக்கும் எதுக்கு?

தடுப்பே இல்லாத ஊர்ல ஒரு பிள்ளை 12லேருந்து 18 பேருக்குக் கொடுக்கும் காக்கா. அந்த 18ல 17 பேருக்குத் தடுப்பு இருக்கணும், அதாவது 94 சதவீதம். போடாதவங்க ஒரே தெருவுல இருந்தா மாவட்டச் சராசரி அந்தத் தெருவைக் காப்பாத்தாது.

மறுபடி மாணவர்: எங்கேருந்து படிக்க?

கெர்மாக், மெக்கென்ட்ரிக்னு ரெண்டு பேர் நோய் பரவுற கணக்கைப் பத்தி 1927ல எழுதின கட்டுரை. ஜனங்களைத் தொத்தக்கூடியவங்க, தொத்தினவங்க, குணமாகியோ செத்தோ விலகினவங்கன்னு மூணு பெட்டியாப் பிரிக்குது. அதைப் பொருத்திப் பாத்தது 1905–06 பம்பாய் பிளேக் சாவுகளோட. எக்செல்ல மூணு பத்தி போட்டு ஓட்டு, சிக்கினா எழுது.