ஜெர்மனியில் நம்ம ஊர் மளிகை யானை விலையாமே, மாணவர் பணத்தில் கட்டுப்படியாகுமா?

கேள்வி இது: "வரும் அக்டோபரில் டோர்ட்முண்டில் எம்எஸ் சேரப் போகிறேன். துவரம் பருப்பு கிலோ 400 ரூபாய், முருங்கைக்காய் ஆயிரத்துக்கு மேல் என்று பயமுறுத்துகிறார்கள். பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதம் வரும் 992 யூரோவில் நம் சாப்பாடு சாப்பிட முடியுமா?"

முடியும். (பிளாக்டு அக்கவுண்ட் என்பது விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் இவ்வளவு என்று மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு.) நானும் 2019ல் இதே ஊருக்குப் படிக்க வந்து, இங்கேயே வேலை கிடைத்துத் தங்கிவிட்டவன்தான்.

உங்களிடம் சொன்ன விலை பொய்யில்லை. துவரம் பருப்பு கிலோ நாலு யூரோ பக்கம், கடைக்குக் கடை ஐம்பது சென்ட் முன்னே பின்னே இருக்கும். யூரோ நூறு ரூபாயைத் தாண்டிவிட்டதால் இப்போது பெருக்குவதற்குக் கால்குலேட்டர்கூட வேண்டாம், அதுதான் ஆபத்தே. நான் வந்த புதிதில் ஒரு தேங்காய்க்கும் கணக்குப் போட்டு, ஊரில் இந்தக் காசுக்கு எத்தனை தேங்காய் என்று புலம்பிப் புலம்பி மூன்று மாதம் பிரெட்டும் ஜாமும் தின்றேன். 2026 ஜனவரியிலிருந்து இங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. பகுதி நேர வேலை ஒன்று கிடைத்தால் ஒரு கிலோ பருப்பு உங்களுக்கு இருபது நிமிட உழைப்புகூட இல்லை. பெருக்குவதை விட்டுவிட்டு இப்படி நிமிடத்தில் போட்டுப் பாருங்கள்.

ஆனால் முருங்கைக்காய் விஷயம் வேறு. முதல் மாதம் ஒரு ஈழத்தமிழர் கடைக்குப் போனேன் (இந்தப் பக்கம் நம் சாமான் என்றால் பெரும்பாலும் அவர்கள் கடைதான். பக்கத்து ஊரான ஹம்மில் 2002லேயே கோபுரத்தோடு காமாட்சி அம்பாளுக்குக் கோயில் கட்டி, வருடா வருடம் தேர் இழுக்கிறார்கள் என்றால் எத்தனை பேர் இருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்). மூன்று காயை எடுத்துத் தராசில் வைத்தேன், நாலு யூரோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. சத்தமில்லாமல் திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். கடைக்கார அண்ணன் பார்த்துவிட்டார். "தம்பி, அரிசி கப்பல்ல வாறது, இது பிளேன்ல வாறது. ஆளுக்கு டிக்கெட் எடுக்கிற மாதிரித்தான் இதுக்கும்" என்றார். அப்புறம், "வெள்ளிக்கிழமை பின்னேரம் வாங்கோ, மரக்கறி அப்பதான் இறங்கும். இது போன கிழமை வந்தது, வாங்காதேங்கோ" என்றும் சொன்னார். தன் சரக்கையே வாங்காதே என்று சொன்ன கடைக்காரரை நான் அதுவரை பார்த்ததில்லை.

அன்றைக்குப் புரிந்ததுதான் இந்தப் பதிலில் முக்கியமானது. வெளிநாட்டில் நம் சாமான் எல்லாமே விலை என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வது தவறு. பருப்பு, உளுந்து, புளி, மிளகாய்த்தூள், அரிசி எல்லாம் கண்டெய்னரில் மெதுவாக வருகிறவை, விலை கூடினாலும் தாங்கும். முருங்கை, கறிவேப்பிலை, புடலை, அவரை போன்றவை விமானத்தில் எடைக்குக் காசு கட்டி வருகின்றன, அதிலும் விற்காமல் வாடிப்போனதன் நஷ்டத்தையும் சேர்த்துத்தான் மீதிக் காய்க்கு விலை போடுகிறார்கள். அதே முருங்கையை உறைய வைத்த பாக்கெட்டாக எடுத்தால் கிட்டத்தட்டப் பாதி விலை, சாம்பாரில் கொதித்த பிறகு எனக்கு வித்தியாசம் தெரிவதில்லை (அம்மாவுக்குத் தெரியும், அது வேறு கதை). துருவிய தேங்காயும் அப்படித்தான், உறைந்த பாக்கெட்டே போதும். கறிவேப்பிலை மட்டும் வெள்ளிக்கிழமை ஒரு கட்டு வாங்கி, உருவி, கழுவி, ஈரம் போகத் துடைத்து டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், ஒன்றரை மாதம் ஓடும்.

கப்பலில் வருவதற்கும் கெட்ட காலம் வரும். 2023 ஜூலை 20 அன்று இந்திய அரசு பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது, ஆகஸ்ட் 25ல் புழுங்கலரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி போட்டது. இட்லியரிசி புழுங்கல் ஆயிற்றே, அதுவும் மாட்டியது. வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி நானும் ஓடிப்போய்ப் பத்துக் கிலோ மூட்டை மூன்று வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன், ஒரு மூட்டை வண்டு பிடித்துக் குப்பைக்குப் போனது. அந்த வருடக் கடைசியில் செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்க ஆரம்பிக்க, சூயஸ் வழியாக வர வேண்டிய கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வர, அதில் இரண்டு வாரம் வரை தாமதம், வாடகையும் கூடியது. தடை 2024 செப்டம்பர் கடைசியிலும் புழுங்கல் வரி அக்டோபரிலும் நீங்கின, எங்கள் கடையில் ஏறின விலை மட்டும் முழுதாக இறங்கவில்லை. இதற்காகக் கடைக்காரரைத் திட்டவும் மனம் வரவில்லை. உள்ளூர்ப் பொருள் மட்டும் ஒழுங்கா என்ன, அதே 2024 இலையுதிர் காலத்தில் கால் கிலோ வெண்ணெய் 2.39 யூரோ வரை ஏறியது.

பொன்னியைவிடப் பாஸ்மதி இங்கே எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கும், ஊரில் நிலைமை தலைகீழ் என்பதால் குழப்பமாக இருக்கும். குறிப்பிட்ட பாஸ்மதி ரகங்கள் தீட்டாத பழுப்பு அரிசியாக வந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் இறக்குமதித் தீர்வை கிடையாது, இங்கே கொண்டுவந்து தீட்டி விற்கிறார்கள். மற்ற வெள்ளை அரிசிக்கு டன்னுக்கு 175 யூரோ வரை தீர்வை. கிலோவுக்குப் பார்த்தால் பதினேழு சென்ட்தான், அதனால் தீர்வை மட்டுமே காரணமில்லை. பாஸ்மதியை ஜெர்மன்காரர், துருக்கிக்காரர், ஆப்கானியர் எல்லாரும் வாங்குகிறார்கள், பொன்னியை நாம் மட்டும்தான். யாரெல்லாம் வாங்குகிறார்களோ அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து வாங்கினால் மலிவு. துருக்கிக் கடையில் மைசூர் பருப்பு, கொண்டைக்கடலை, கோதுமை ரவை, கத்தரிக்காய், கட்டுக் கட்டாகக் கொத்தமல்லி எல்லாம் கிடைக்கும். மைசூர் பருப்பில் சாம்பார் வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள், பதினைந்து நிமிடத்தில் வெந்துவிடும், முதல் இரண்டு தடவை பிடிக்காது, மூன்றாவது தடவை பழகிவிடும்.

இட்லிக்கு ஆல்டி, லிடில் என்ற மலிவு விலை சூப்பர் மார்க்கெட்டுகளில் 'மில்ஷ்ரைஸ்' என்று ஒரு குட்டை அரிசி இருக்கும், இவர்கள் பாலில் வேகவைத்து இனிப்பாகச் சாப்பிடுவது. தமிழ் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக இதில்தான் மாவு ஆட்டுகிறார்கள். அதை மட்டும் போட்டால் தோசை வரும், இட்லி களி மாதிரி ஒட்டும். பாதிக்குப் பாதி இங்கத்திய நீள புழுங்கலரிசியைக் கலந்து ஆட்டுங்கள். குளிர்காலத்தில் மாவு பொங்காது, ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் போட்டுவிடுங்கள். உண்மையைச் சொன்னால் இதில் மிச்சம் கிலோவுக்கு ஒரு யூரோகூட வராது, இட்லியரிசி தீர்ந்துபோன ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் இது. ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் கடை கிடையாது.

ஊரிலிருந்து பார்சல் வரவழைக்கலாமா என்றால், பொறுத்துத்தான். வீட்டார் அனுப்பும் அன்பளிப்பு 45 யூரோ மதிப்புக்குள் இருந்தால் வரி இல்லை. அம்மா ஒரு முறை பருப்புப்பொடி, வத்தக்குழம்புப் பொடி, அப்பளம் எல்லாம் அனுப்பினார், மதிப்பு என்ற இடத்தில் பெருமையாக 6,000 ரூபாய் என்று எழுதியிருந்தார். நான் சுங்க அலுவலகத்தில் வரிசையில் நின்று, கூரியர் கட்டணத்துக்கு மேல் வரியும் கட்டி, பொடி என்றால் என்ன என்று ஓர் அதிகாரிக்கு விளக்கினேன். "ஏன்டா, மதிப்பைக் குறைச்சா எழுதுவாங்க?" என்று அம்மா இன்னும் கேட்கிறார்.

பெட்டியில் கொண்டு வருவதற்கும் விதி இருக்கிறது. பால், இறைச்சி சார்ந்தவை கூடாது, எனவே நெய், பால்கோவா வேண்டாம். இங்கே உப்பில்லாத வெண்ணெயை உருக்கினால் நல்ல நெய். 2019 டிசம்பர் 14 முதல் பச்சைக் காய், பழம், இலை எதற்கும் பூச்சி, நோய் இல்லை என்று காட்டும் பயிர்நலச் சான்றிதழ் வேண்டும், விலக்கு ஐந்தே ஐந்துதான்: அன்னாசி, தேங்காய், டுரியன், வாழைப்பழம், பேரீச்சை. ஆக, கறிவேப்பிலைக் கட்டு கூடாது, முழுத் தேங்காய்க்கு ஐரோப்பாவில் தடையில்லை. ஆனால் கொப்பரையை இந்திய விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள், எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் என்று 2022ல் தடை செய்துவிட்டார்கள். கருவாடு மட்டும் 20 கிலோ வரை அனுமதி, நம்பவே முடியாது. விடுதியின் பொதுச் சமையலறையில் அதை வறுத்த பிறகு உங்களோடு யார் பேசுவார்கள் என்பது உங்கள் பாடு.

பெட்டியில் மளிகையை அடைக்காதீர்கள். மேசைமேல் வைக்கும் சின்ன வெட் கிரைண்டர் ஒன்று கொண்டு வாருங்கள், இங்கேயும் 230 வோல்ட்தான், பிளக்குக்கு ஒரு அடாப்டர் போதும். ரெடிமேட் மாவு கிலோ நாலைந்து யூரோவுக்கு விற்கிறது, வாரம் ஒரு தடவை ஆட்டினால் ஒரே வருடத்தில் அதன் விலை வந்துவிடும். எடைக்குப் பயந்து நான் குழவிக் கற்களை மட்டும் கைப்பையில் போட்டேன். சோதனையில் பையைத் திறக்கச் சொன்ன அக்கா கல்லைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "மாவாட்டவா போற ஜெர்மனிக்கு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். விட்டுவிட்டார்.